பன்னிரண்டாவது கால்

தாம்பரத்திலேயே நீளமான காருக்குச் சொந்தக்காரர், பட்டுச் சட்டையும் வேட்டியுமாக, ஆயிரம் பேர் பார்க்க மண்டி போட்டு, இந்த இடது காலுக்கு முத்தம் கொடுத்தார் என்று லாசரஸ் தன் காலைக் காட்டிச் சொன்னான். சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காதது போல டீயை ஊதினான்.

கேம்ப் ரோட்டில் இன்னும் திறக்காத ஒரு பெயிண்ட் கடையின் படிகளிலும் அதற்கு முன்னால் இருக்கிற நடைபாதையிலும் காலையில் கூலியாட்கள் காத்திருப்பார்கள். கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு சித்தாள்கள். மேஸ்திரியின் பைக்கோ லோடு வண்டியோ கொஞ்சம் வேகம் குறைந்தால் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். வண்டி நிற்காமல் போய்விட்டால் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

லாசரஸ் சொல்லி அவர்கள் கேட்காத கதை இல்லை. அவன் கதைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் உள்ள பாலங்கள் அத்தனைக்கும் அவன் ஒருவனே, சாப்பாட்டுக்குக்கூட கீழே இறங்காமல், கான்கிரீட் போட்டிருக்க வேண்டும். வெள்ளம் வந்த வருஷம் அனகாபுத்தூரில் அடையாற்றின் குறுக்கே நீந்தி ஒரு எருமையைத் தோளில் தூக்கி வந்தவன் அவன். அந்த எருமை நன்றி மறக்காமல் பொங்கலுக்குப் பொங்கல் வந்து அவன் வீட்டு வாசலில் நின்றுவிட்டுப் போகும். அவனுடைய இடது காலில் இரண்டாவது விரல் பிறவியிலேயே கட்டைவிரல் மேல் ஏறிக் குதிரைச் சவாரி செய்துகொண்டிருந்தது. அது ராஜ வம்சத்துக்கு மட்டும் வரும் விரல் என்பான்.

"எருமையைக்கூட நம்புனேன் லாசர்ண்ணா. இது ஓவரா கீது," என்றாள் தனம்.

தனம் கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிற சித்தாள். தலையில் கலவைப் பாண்டு சுமந்து சுமந்து நடு உச்சியில் முடி தேய்ந்துபோனவள். யாரையும் நம்பாததால்தான் இதுவரை எந்த மேஸ்திரியும் தன்னை ஏமாற்றியதில்லை என்பது அவள் கட்சி. சுற்றியிருந்தவர்களில் ஒருவன் போனை எடுத்தான். அது நடந்ததாக அவன் சொன்ன கிறிஸ்தவக் கோயிலுக்கு யூடியூப் சேனல் இருந்தது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுகிற பெரிய வியாழன் பூசையும் அதில் இருந்தது. தலைகள் கூடின. வரிசையாக நாற்காலிகள், வரிசையாகக் கால்கள், குனிந்து கழுவுகிற பாதிரியார். பதினோரு கால்கள் கழுவியாயிற்று. பன்னிரண்டாவது ஆளின் முறை வந்தபோது கேமரா சட்டென்று பீடத்துப் பக்கம் திரும்பி ஒரு பூச்சாடியைக் காட்டியது. வெள்ளைப் பூக்கள். பாட்டு முடிகிற வரைக்கும் அந்தப் பூக்கள்தான்.

"இதான் உன் காலா? பூத்து கீதே," என்றாள் தனம். நடைபாதை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டு, "சரி, முத்தம் குடுத்தாருன்னே வெச்சுக்குவோம். வேலை குடுத்தாரா?" என்று கேட்டாள்.

லாசரஸ் துணிக்கடைப் பை மாட்டியிருந்த தன் இடது காலைப் படிக்கு உள்ளே இழுத்துக்கொண்டான். டீ தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் ஊதினான்.

அந்தக் கால் கெட்டது கோயில் வேலையில்தான்.

கோயிலை ஒட்டி, பகலெல்லாம் ஆட்கள் வந்து அமைதியாக உட்கார்ந்து ஜெபிப்பதற்கென்று நற்கருணைச் சிற்றாலயம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிக் கொடுத்தவர் பிரிட்டோ சார். கட்டிட கான்ட்ராக்டர், கோயில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப்பேரவையின் துணைத்தலைவரும் அவர்தான். லாபம் இல்லாமல் கட்டித் தருகிறார் என்று ஞாயிறு பூசை முடிவில் தவறாமல் அறிவிப்பார்கள். அறிவிக்கும்போது பிரிட்டோ சார் தலையைக் குனிந்துகொள்வார். லாசரஸும் அதே கோயில் பங்கின் ஆள். அவனுடைய தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு நாற்காலி தூக்கிப் போடுகிறவன். கோயில் வேலை என்றதும் வேறு சைட்டை விட்டுவிட்டு ஓடினான்.

மேல்தளம் போட்ட நாள், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்தின் தொடக்கத்தில் வந்தது. கம்பி கட்டி முடித்து, கலவை மெஷின் வந்து நின்றது. கிடங்கில் ஒரு மூட்டை ரப்பர் பூட்ஸ் இருந்தது. கவர் பிரிக்காத புதுசு. அதைப் பிரிக்கப் போன நேரத்தில் பிரிட்டோ சார் வந்தார். ஜெபம் சொன்னார். பிறகு எல்லோருடைய கால்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இது ஆண்டவர் வந்து குடியிருக்கப் போற இடம். எரியற செடிக்கு முன்னாடி மோசே என்ன பண்ணாரு? செருப்பைக் கழட்டினாரு. நாமளும் வெறுங்காலோடதான் ஏறணும்," என்றார். முதலில் தன் ஷூவைக் கழற்றியவர் அவர்தான். கழற்றிவிட்டுக் கீழே, ஈர மணலில், குடைக்கு அடியில் நின்றுகொண்டார்.

வேறு சாமி கும்பிடுகிறவர்களும் மறுபேச்சு பேசாமல் செருப்பைக் கழற்றினார்கள். கோயில் என்றால் எல்லாருக்கும் கோயில்தான். ஆனால் அவர்கள் விவரமானவர்கள். தேங்காய் எண்ணெயை முழங்கால் வரைக்கும் பூசிக்கொண்டார்கள், முறை வைத்து இறங்கிக் கால் கழுவினார்கள். லாசரஸ் எண்ணெயும் பூசவில்லை, இறங்கவும் இல்லை. ஆண்டவர் வீட்டுக்குக் கூரை போடுகிறவன் நடுவில் இறங்கினான் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? கணுக்கால் அளவு ஈரக் கலவையில் நின்று மண்வெட்டியால் தள்ளினான், காலால் மிதித்தான், பாட்டுப் பாடினான். மத்தியானம் கால் நமநமவென்றது. சாயங்காலம் எரிந்தது. வேலை முடிந்து எல்லோருக்கும் பிரியாணி கொடுத்தபோது விரலிடுக்குகள் வெள்ளையாக ஊறி, கட்டைவிரலின் அடியில் தோல் பொட்டுப் பொட்டாகக் கழன்றிருந்தது. பிரியாணி அருமை, அரை ஆட்டைத் தின்றேன் என்று அவன் வீட்டில் சொன்னான்.

மறுநாள் பூட்ஸ் மூட்டை கடைக்கே திரும்பிப் போனது. கவர் பிரிக்காததால் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

புண் ஆறவில்லை. லாசரஸின் மனைவி ரோஸி கூடுவாஞ்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்கிறவள். காலையில் ரயிலுக்கு ஓடுவதற்கு முன் மஞ்சள் பற்று போட்டுவிட்டுப் போவாள். திரும்பி வந்து அவிழ்த்தால் பற்று நனைந்து நாறும். காலைத் தரையில் ஊன்ற முடியாதவனை வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? தவக்காலம் பாதி போவதற்குள் வீட்டில் சோறு ஒரு வேளைக்குக் குறைந்திருந்தது. நோன்பு இருக்கிறேன் என்று லாசரஸ் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பிரிட்டோ சார் வீட்டு வாசலில் போய் நின்றான். அவன் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். சிற்றாலயம் திறந்ததும் அங்கே வாட்ச்மேன் ஒருத்தர் வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதைத் தனக்குக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் காலை ஒரு டாக்டரிடம் காட்ட வழி செய்ய வேண்டும்.

பிரிட்டோ சார் கேட்டுக்கு உள்ளே நின்றபடி காலைப் பார்த்தார். அன்றைக்குத் தளத்தில் அத்தனை பேர் வெறுங்காலோடு நின்றார்களே, மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். சர்க்கரையாக இருக்கும், டெஸ்ட் எடுத்துப் பார் என்றார். எடுத்தால், சர்க்கரை இருந்தது. லாசரஸ் காலமெல்லாம் எருமையைத் தூக்கினவன். சர்க்கரை இருக்கிறது என்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"பாத்தியா லாசர். சிமெண்ட் இல்ல, சுகர்," என்றார் பிரிட்டோ சார், ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினபோது. அவர் முகத்தில் ஒரு பெரிய பாரம் இறங்கிய நிம்மதி தெரிந்தது. வாட்ச்மேன் வேலையைப் பற்றிப் பார்க்கலாம் என்றார். போகத் திரும்பினவனைக் கூப்பிட்டு, பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு உங்கள் அன்பியத்திலிருந்து உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன் என்றார். "திருத்தூதர்ல ஒருத்தரா உக்காரப் போற. எல்லாருக்கும் கிடைக்குமா?"

அந்த வாரமே கோயிலில் பன்னிரண்டு பேரின் பெயர்களையும் வாசித்துவிட்டார்கள்.

லாசரஸ் வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ரோஸியிடம் தன் திட்டத்தைச் சொன்னான். அன்றைக்குக் கோயில் நிறைந்திருக்கும். நாற்காலிக்குப் பக்கத்திலேயே மைக் இருக்கும். பாதிரியார் குனிந்து காலைப் பிடிக்கும்போது, இந்தக் கால் பிரிட்டோ சார் செருப்பைக் கழற்றச் சொன்னதால் இப்படி ஆனது என்று ஊர் உலகம் கேட்கச் சொல்லிவிடுவான். குவைத்திலும் கனடாவிலும் இருக்கிறவர்கள்கூட லைவில் பார்ப்பார்கள். அதற்கப்புறம் வாட்ச்மேன் வேலை எப்படி வராமல் போகும்?

"சொல்லு," என்றாள் ரோஸி. "ஆனா சுருக்கமா சொல்லு. நீ பாட்டுக்கு எருமையை இட்டாந்தேன்னா ரீலுன்னு நெனச்சுக்குவாங்க."

சொல்லப் போகிற வாக்கியத்தை அவன் தினமும் ஒத்திகை பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அது நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் அதன் முடிவில் பிரிட்டோ சாரின் முகம் கறுத்துச் சுருங்கியது. அந்த இடம் வந்ததும் லாசரஸ் வாய்விட்டுச் சிரித்துவிடுவான்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் தவக்காலத் தியானம் நடந்தது. பங்குத்தந்தை இஞ்ஞாசி முழங்கால் வலிக்காரர். தூணைப் பிடித்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்வார். என்ன செய்தோம் என்பதை ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதில்லை, அது அவருக்கே தெரியும்; எதற்காகச் செய்தோம் என்று நாம்தான் நம்மை உட்கார வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குப் பேசினார். தர்மம் செய்கிறவன் ஏன் செய்கிறான்? பேசாமல் இருக்கிறவன் ஏன் பேசாமல் இருக்கிறான்? முன்வரிசையில் பிரிட்டோ சார் கண்ணை மூடித் தலையாட்டினார். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்த லாசரஸுக்கு யாரோ முதுகில் தட்டின மாதிரி இருந்தது.

பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சல்லடைத் தட்டி வழியாக அவன் எல்லாவற்றையும் சொன்னான். பூட்ஸ், புண், மைக், எல்லாம். தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஃபாதர் இஞ்ஞாசி.

"சொல்லாதேன்னு நான் சொல்ல மாட்டேன்பா," என்றார் ஃபாதர். "ஆனா நியாயம் கிடைக்கணும்னு சொல்றியா, அந்த மனுஷன் தலை குனியணும்னு சொல்றியா? எதுன்னு ஆண்டவர் முன்னாடி உக்காந்து பார்த்துட்டு அப்புறமா பேசு."

சிற்றாலயத்துக்கு இன்னும் கதவு மாட்டவில்லை. பிரிட்டோ சார் கோபித்துக்கொண்டால் யார் மாட்டுவார்கள் என்பதைப் பற்றித் தொட்டிக்குள் பேச்சு எழவில்லை.

லாசரஸ் லூர்து மாதாவின் குகைக் கெபிக்கு முன்னால் போய் உட்கார்ந்து ஆத்தும சோதனை செய்தான். ஈக்கள் காலை மொய்த்தன. ஒரு கையால் விசிறிக்கொண்டே மறுகையால் மனசைக் கிளறினான். அவனுக்குத் தெரிந்த கணக்கு கலவைக் கணக்குதான். அந்த வாக்கியத்துக்குள் நியாயம் எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று பாண்டு பாண்டாக அள்ளிக் கொட்டிப் பார்த்தான். நியாயம் ஒரு பாண்டு வந்தது. ஆத்திரம் லாரி லாரியாக வந்தது. பிரிட்டோ சார் தலை குனிந்து கோயிலை விட்டு வெளியே போகிற காட்சி. அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வது. நீளமான காரைத் தெருப்பிள்ளைகள் கல்லால் அடிப்பது வரைக்கும் அவன் உள்ளே கட்டி வைத்திருந்தான். அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது: ஆயிரம் பேர் தன்னையே பார்க்க, மைக்கில் தன் குரல் ஒலிக்க வேண்டும் என்கிற ஆசை.

வீட்டுக்கு வந்து, தான் பேசப் போவதில்லை என்று ரோஸியிடம் சொன்னான். ஏன் என்று கேட்டாள்.

"கலவை சரியில்ல. தளம் நிக்காது," என்றான்.

ரோஸி அவன் காலில் இருந்த பழைய கட்டைக் கொஞ்சம் வேகமாகவே பிரித்தாள்.

சடங்குக்கு முந்தின நாள் பன்னிரண்டு பேரையும் பங்கு மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிரிட்டோ சாரின் மனைவி ஏஞ்சல் மேடம் சேலையூரில் பியூட்டி பார்லர் வைத்திருந்தார். லைவில் போகிற விஷயம், குளோசப்பில் கால்கள் தெரியும், போன வருஷம் ஒருவருடைய குதிகால் வெடிப்பைப் பார்த்துக் கனடாவில் இருக்கிற அண்ணி போன் போட்டுக் கேட்டுவிட்டாள். அதனால் இந்த வருஷம் அத்தனை கால்களையும் தன் தவக்காலச் சேவையாக இலவசமாகவே சுத்தம் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தார். நாளைக்குக் கழுவப் போகிற கால்களை இன்றைக்கே கழுவி வைக்கிற வேலை மும்முரமாக நடந்தது. வெந்நீர்த் தொட்டிகள், ஷாம்பு நுரை, நகம் வெட்டுகிற சத்தம். மீன் விற்கிற ஒருவர் தன் கால் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்று திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

லாசரஸின் கட்டைப் பிரித்ததும் ஏஞ்சல் மேடம் கையுறையோடு வாயை மூடிக்கொண்டார். வேறு ஆளை மாற்றிவிடலாமா என்று கணவரைக் கேட்டார். பெயர்களை வாசித்தாயிற்று, இப்போது மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள் என்றார் பிரிட்டோ சார். வலது காலைக் காட்டலாமே என்றால், அதிலும் சின்னதாகப் புண் இருந்தது.

ஏஞ்சல் மேடம் நல்ல மனசுக்காரி. கண்ணில் தண்ணீர் வரத்தான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்களின் முகத்தில் தழும்பு தெரியாமல் இருக்கப் பூசுகிற க்ரீமை எடுத்து, லாசரஸின் தோல் நிறத்துக்கு இரண்டு மூன்றைக் குழைத்து, புண்ணின் மேலேயே பூசினார். அதற்கு மேல் பவுடர் ஒற்றினார். நாளை வரைக்கும் கட்டுப் போட வேண்டாம், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்றார்.

"எரியுதா லாசர்?"

"ஜில்லுன்னு கீது மேடம்," என்றான் லாசரஸ். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், தன் காலுக்கு மேக்கப் போட்ட சங்கதியைக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

பெரிய வியாழன் மாலை கோயிலில் மூச்சுவிட இடமில்லை. பன்னிரண்டு நாற்காலிகள், வெள்ளைத் துணி போட்டு. கடைசி நாற்காலியில் லாசரஸ். பாதிரியாருக்குப் பின்னால் பித்தளைச் செம்பும் வெள்ளைத் துண்டுகளும் ஏந்திக்கொண்டு பிரிட்டோ சார் பட்டுச் சட்டையில் வந்தார். ஒவ்வொரு காலுக்கும் முன்னால் ஃபாதர் இஞ்ஞாசி பல்லைக் கடித்து மண்டியிட்டு, கழுவி, துடைத்து, முத்தமிட்டு, பிரிட்டோ சாரின் தோளைப் பிடித்து எழுந்தார்.

லாசரஸின் முறை வந்தது. மைக் அவன் வாய்க்கு ஒரு முழத்தில் இருந்தது. கூட்டத்தில் ரோஸி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

செம்பிலிருந்து தண்ணீர் விழுந்ததும் தோல் நிறத்தில் ஒரு குழம்பு விரல்களின் வழியாக ஓடிக் கீழே இருந்த தாம்பாளத்தில் தேங்கியது. ஒற்றின துண்டில் கல்யாணப் பெண்ணின் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. க்ரீமுக்கு அடியில் அடைபட்டிருந்த வாடை எழுந்தது. சிவந்து குழி விழுந்த புண், கட்டைவிரலைச் சுற்றிக் கறுத்த விளிம்பு. கேமராக்காரர் பூச்சாடியைத் தேடிப் போனது அப்போதுதான். பாடகர் குழு ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் போய்ச் சேர்ந்தது.

ஃபாதர் இஞ்ஞாசி புண்ணைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, தோளுக்கு மேலே நின்ற பிரிட்டோ சாரைப் பார்த்தார். துண்டை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க கழுவுங்க," என்றார்.

பிரிட்டோ சார் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மண்டியிட்டார். பட்டுச் சட்டையின் கை நனைய, அந்தக் காலைத் தூக்கித் தன் தொடையின் மேல் வைத்தார். கழுவினார். துடைத்தார். குனிந்து, கட்டைவிரல் மேல் சவாரி செய்கிற விரலுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார். எழுந்தபோது அவர் கண் நனைந்திருந்தது. எந்த மைக்குக்கும் எட்டாத குரலில், "மன்னிச்சிடு லாசர். ஈஸ்டர் முடிஞ்சு வா. நான் பார்த்துக்கறேன்," என்றார்.

அந்த நேரத்தில் அவர் சொன்னது அவ்வளவும் நிஜம். லாசரஸுக்குள் இருந்த ஆத்திரத்தின் லாரிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று ரோஸியிடம் அன்றைக்கே சொன்னான். ரோஸி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் அடித்தது.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் காய்ச்சலோடுதான் ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போனான். கேட்டுக்கு உள்ளேயிருந்து பிரிட்டோ சார் அன்பாகத்தான் பேசினார். வாட்ச்மேன் வேலையை ஒரு செக்யூரிட்டி கம்பெனியிடம் விட்டாயிற்று, யூனிபார்ம், ஷூ எல்லாம் உண்டு, அதுதான் முறை என்றார். ஆஸ்பத்திரிச் செலவு என்று எடுத்துக் கொடுத்தால் நாளைக்கு அது கம்பெனியின் தப்பு என்று ஆகிவிடும், ஆடிட்டர் கேட்பார் என்றார். லாசரஸ் நகராமல் நின்றான்.

"சபை முன்னாடி உன் காலைப் பிடிச்சேன் லாசர். என் பாரத்தை ஆண்டவர்கிட்ட அன்னிக்கே இறக்கி வெச்சுட்டேன்," என்றார் பிரிட்டோ சார். "இதுக்கு மேலயும் நீ வந்து நிக்கறேன்னா, உன் உள்நோக்கம் என்னன்னு நீதான் ஆண்டவர் முன்னாடி உக்காந்து யோசிக்கணும்."

"பாத்துட்டேன் சார்," என்றான் லாசரஸ். "முன்னாடியே பாத்துட்டேன்."

அரசு ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் அதன் மேல் ஏறியிருந்த விரலையும் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், லாசரஸின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். புண்ணில் என்ன பூசினாய் என்று கேட்டார். லாசரஸ் சொன்னான். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

இப்படியாகத்தான் ஜூன் மாதத்தில் மறுபடியும் பெயிண்ட் கடைப் படிக்கு வந்து சேர்ந்தான். எந்த மேஸ்திரியும் அவனைக் கூப்பிடப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் ரோஸி ரயிலுக்குப் போன பிறகு வீட்டில் ஒருத்தனாக என்ன செய்வது? அங்கே உட்கார்ந்தால் ஒரு டீயாவது யாராவது வாங்கிக் கொடுப்பார்கள். டீக்கு ஈடாக அவனிடம் இருந்தது கதைகள்தான். விரல் போன கதையை அவன் சொல்லவில்லை. முத்தம் கிடைத்த கதையைத்தான் சொன்னான். பூச்சாடிப் படத்தைப் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள்.

அந்த வாரம் தனத்துக்குக் கோயிலில் வேலை கிடைத்தது. திரு இருதயத் திருநாளன்று மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் வந்து சிற்றாலயத்தைத் திறக்கிறார். அதற்குள் தரையிலிருந்த பெயிண்ட் சொட்டுகளையும் சிமெண்ட் கறையையும் சுரண்டிக் கழுவ வேண்டும். தனம் பிளேடும் துடைப்பமும் ஆசிட் கேனுமாகப் போனாள். வாசலில் யூனிபார்மும் பளபளக்கும் ஷூவுமாக நின்ற செக்யூரிட்டி அவள் காலைக் காட்டி, செருப்பை வெளியே விடச் சொன்னார்.

"ஆசிட் ஊத்தணும்யா," என்றாள் தனம்.

சாமி இருக்கப் போற இடம், சார் சொல்லியிருக்காரு, என்றார் அவர். தனம் அவர் ஷூவைப் பார்த்தாள். அவர் வாசலுக்கு வெளியேதான் நின்றிருந்தார்.

ஆசிட் தரையில் நுரைத்தது. அவள் பக்கெட்டைச் சாய்த்துச் சாய்த்து, கால்விரல்களை மடக்கிக் குதிகாலில் நடந்து கழுவினாள். எரிச்சல் தாங்காமல் நல்ல தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொள்ளச் சுவரோரம் ஒதுங்கினபோது, மாட்டுவதற்காக அங்கே சாய்த்து வைத்திருந்த பெரிய படத்தின் மேல் மூடியிருந்த காகிதம் நனைந்து சரிந்தது. ஏஞ்சல் மேடம் தனியாக ஏற்பாடு செய்திருந்த போட்டோக்காரர் எடுத்த படம். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, தங்க நிறச் சட்டம் அடித்திருந்தது. பட்டுச் சட்டை போட்ட ஒருவர் மண்டியிட்டு, கண் மூடி, ஒரு காலுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே, தாழ்மையின் வழியில் நம் துணைத்தலைவர் என்று எழுதி அவர் பெயரும் போட்டிருந்தது. கால் யாருடையது என்று போடவில்லை. கணுக்காலுக்கு மேல் படத்தில் ஆளே இல்லை. புண்ணையும் காணோம், கம்ப்யூட்டரில் துடைத்ததில் அந்தக் கால் பச்சைக் குழந்தையின் கால் மாதிரி இருந்தது.

ஆனால் கட்டைவிரல் மேல் இரண்டாவது விரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

தனம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள். காலில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வந்தவள் அதை மறந்துபோனாள்.

மறுநாள் காலையில் பெயிண்ட் கடைப் படியில் லாசரஸ் வழக்கம்போல உட்கார்ந்திருந்தான். மழை தூறியது, துணிக்கடைப் பையின் வாயைக் கணுக்காலோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தான். முன்பக்கம் பை காலியாக மடிந்து கிடந்தது. ஒரு லோடு வண்டி வந்து நின்றது. மேஸ்திரி கையைக் காட்டக் காட்ட ஆட்கள் ஏறினார்கள். படியில் லாசரஸ் மட்டும் மிச்சம். புதிதாக வந்திருந்த ஒருவன் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏண்ணே, அந்த முத்தக் கதையை இன்னொரு தபா சொல்லிட்டு வழியனுப்புண்ணே," என்றான். வண்டி குலுங்கச் சிரித்தார்கள்.

லாசரஸும் சிரித்தான். பையைத் தடவிவிட்டுக்கொண்டு, தாம்பரத்திலேயே நீளமான கார் என்று ஆரம்பித்தான்.

கடைசியாக ஏறின தனம் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கால்விரல்களில் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது, நகக்கண்கள் சிவந்திருந்தன. சிரித்தவர்களின் பக்கம் திரும்பினாள்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? நான் பாத்துட்டு வந்தேன்," என்றாள். "அண்ணனோட ரெண்டு விரலும் கோயில்லதான் கீது. கண்ணாடி போட்டு வெச்சிருக்காங்க. நடந்துச்சு."